ஹெஸ்டியா கன்ட்ரோல் பேனல்: இன்ஸ்டால் கால் மணி நேரம், வேலையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்

நான் பார்த்துக்கொள்ளும் வெப்சைட்டுகள் மொத்தம் 14. ஓர் அச்சகம், ஒரு பள்ளி, இரண்டு மொத்த வியாபாரக் கடைகள், எப்போதோ நின்றுபோன ஒரு சிற்றிதழின் பழைய பக்கங்கள் என்று எல்லாமே சின்னச் சின்னத் தளங்கள்தான். ரொம்ப நாள் இவற்றை, சர்வரை பிரவுசரிலிருந்தே நிர்வகிக்க உதவும் சிபேனல் என்ற கட்டணக் கன்ட்ரோல் பேனல் உள்ள ரீசெல்லர் ஹோஸ்டிங்கில் (ஒருவர் சர்வரில் இடம் வாங்கி நம் வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) வைத்திருந்தேன். 2018-ல் ஓக்லி கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு சிபேனல் போனது, 2019-ல் ஒரு சர்வருக்கு ஒரு விலை என்று இருந்ததை மாற்றிக் கணக்குக்கு இத்தனை என்று கொண்டுவந்தார்கள், அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. எனக்கு இடம் கொடுத்தவர் அந்த ஏற்றத்தை என் தலையில் வைக்க, நான் அதைப் பள்ளியின் தலையிலும் அச்சகத்தின் தலையிலும் வைக்க முடியாமல், சொந்தமாக ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து இலவசப் பேனல் ஒன்றைப் போட்டுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அப்படி வந்ததுதான் ஹெஸ்டியா. மூன்று வருடமாக ஓட்டுகிறேன். இதைப் போடலாமா என்று என்னைக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வெஸ்டா என்று ஒரு பேனல் இருந்தது, பலர் விரும்பிப் பயன்படுத்தியது. 2018 ஏப்ரலில் அதில் இருந்த ஓர் ஓட்டை வழியாக நிறைய சர்வர்களுக்குள் புகுந்து, அந்தச் சர்வர்களை வைத்தே மற்றவர்களைத் தாக்கினார்கள். அதே வருடம் அக்டோபரில், வெஸ்டாவின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டையே யாரோ மாற்றி வைத்து, புதிதாகப் போடுபவர்களின் பாஸ்வேர்டு வெளியே போனதும் தெரியவந்தது. வெஸ்டாவின் நிரல் திறந்த மூலம் என்பதால், அதைப் பிரித்தெடுத்து, பாதுகாப்பைச் சரிசெய்து, தனியாக வளர்த்ததுதான் ஹெஸ்டியா. ரோமானியர்களுக்கு அடுப்புத் தெய்வம் வெஸ்டா, கிரேக்கர்களுக்கு அதே தெய்வம் ஹெஸ்டியா, பெயரிலேயே உறவு தெரிகிறது. ஜிபிஎல் உரிமம், காசு கிடையாது, நிரல் முழுவதும் கிட்ஹப்பில் இருக்கிறது.

இன்ஸ்டாலுக்கு முன் சில விஷயங்கள் கட்டாயம். ஹெஸ்டியா டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்களில் மட்டும்தான் ஓடும், அல்மாலினக்ஸ் மாதிரி வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். அதிலும் புத்தம் புதிய சர்வராக இருக்க வேண்டும், ஏற்கனவே அப்பாச்சி என்ற வெப் சர்வரோ மரியாடிபி என்ற டேட்டாபேஸ் சர்வரோ போட்டுப் பழகிய சர்வரில் மேலே கொண்டுபோய் வைக்கக் கூடாது. அப்புறம் ஹோஸ்ட்நேம், அதாவது சர்வரின் சொந்தப் பெயர். இதைத்தான் பெரும்பாலானவர்கள் அலட்சியமாக விட்டுவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். உங்கள் டொமைனையே ஹோஸ்ட்நேமாக வைக்காதீர்கள். அதற்குக் கீழே சர்வர்1 மாதிரி ஒரு துணைப் பெயர் வைத்து, அதற்கு டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பட்டியல்) ஏ ரெக்கார்டு போட்டு, அது உங்கள் ஐபியைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் இன்ஸ்டாலைத் தொடங்குங்கள். மெயில் சர்வர் தன்னை வெளியுலகத்திடம் அறிமுகப்படுத்திக்கொள்வது இந்தப் பெயரில்தான், பேனலுக்கான எஸ்எஸ்எல் சான்றிதழும் (பிரவுசரில் பூட்டுச் சின்னம் தருவது) இந்தப் பெயருக்குத்தான் வரும்.

ரேம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1 ஜிபி ரேம் இருந்தால் போதும் என்று அவர்கள் குறிப்பில் இருக்கும், ஆனால் வைரஸ் ஸ்கேனரும் ஸ்பேம் வடிகட்டியும் இல்லாமல் என்ற நிபந்தனையோடு. முதல் தடவை 2 ஜிபி சர்வரில் அந்த நிபந்தனையைச் சரியாகப் படிக்காமல் கிளாம்ஏவி என்ற அந்த வைரஸ் ஸ்கேனரையும் டிக் செய்துவிட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் காலை அச்சகக்காரர் கூப்பிட்டு, "தம்பி, நம்ம சைட்டுல டேட்டாபேஸ்னு ஏதோ வருதுப்பா" என்றார். போய்ப் பார்த்தால் மரியாடிபி செத்துக் கிடக்கிறது. கர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) எழுதிய லாக்கில் நினைவகம் போதாமல் அதைக் கொன்றதாக ஒரு வரி. கிளாம்ஏவி தன் வைரஸ் பட்டியலை முழுவதுமாக ரேமில் ஏற்றி வைத்துக்கொள்ளும், அதுவே கிட்டத்தட்ட 1 ஜிபியை விழுங்கிவிடும், பட்டியலைப் புதுப்பிக்கும் நேரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து இன்னும் அதிகமாகும். ரேம் போதாமல் போனால் கர்னல் ஆளைப் பார்க்காது, அதிக இடம் பிடித்திருப்பதில் ஒன்றைத் தள்ளிவிடும், அன்றைக்கு மரியாடிபி மாட்டிக்கொண்டது. 4 ஜிபிக்குக் கீழே கிளாம்ஏவி வேண்டவே வேண்டாம். 2 ஜிபி ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) போட்டுவிடுங்கள்.

சரி, இன்ஸ்டால். அவர்கள் தளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, எதெது வேண்டும் என்று டிக் செய்தால் அதற்கேற்ற கட்டளையைக் கீழே எழுதித் தரும். அதை எடுத்து எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) ஒட்டினால் வேலை முடிந்தது. நான் வைத்துக்கொண்டது முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், பின்னால் அப்பாச்சி, பிஎச்பி நிரல்களை ஓட்ட பிஎச்பி-எஃப்பிஎம், பல பிஎச்பி பதிப்புகள், மரியாடிபி, மெயிலுக்கு எக்சிமும் டவ்காட்டும், பாஸ்வேர்டை ஊகித்துத் திரும்பத் திரும்ப முயல்பவர்களைத் தடுக்க ஃபெயில்2பேன். பைண்ட் என்ற நேம்சர்வர் வேண்டாம் என்றேன், என் டிஎன்எஸ் எல்லாம் வெளியில் இருக்கிறது, சின்னச் சர்வர் ஒன்றில் நேம்சர்வரையும் வைத்தால் சர்வர் விழும்போது மெயிலும் பெயரும் சேர்ந்து விழும். அப்பாச்சி எதற்கு, என்ஜின்எக்ஸ் மட்டும் போதுமே என்று சிலர் சொல்வார்கள். வேகத்துக்கு அது சரி. ஆனால் என்ஜின்எக்ஸ், அப்பாச்சிக்கான எச்டிஅக்சஸ் என்ற அமைப்புக் கோப்பைப் படிக்கவே படிக்காது, பழைய தளங்களின் ரீரைட் (முகவரியை மாற்றி வழிநடத்தும்) விதிகள் எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கும். ஊரார் தளங்களைக் கொண்டுவந்து வைப்பவர்களுக்கு அப்பாச்சி பின்னால் இருப்பது நிம்மதி.

சில கிளவுட் இமேஜ்களில் அட்மின் என்ற பெயரில் ஒரு குரூப் ஏற்கனவே இருக்கும், அதைப் பார்த்துவிட்டு இன்ஸ்டாலர் நின்றுவிடலாம். பயப்பட ஒன்றுமில்லை, கட்டளையில் ஃபோர்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போகும். மற்றபடி பச்சையும் வெள்ளையுமாக வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும், எனக்குக் கால் மணி நேரம் ஆனது. முடிவில் பேனலின் முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்டு மூன்றும் திரையில் வரும். ரீபூட் செய்வதற்கு முன் அந்தப் பாஸ்வேர்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெயிலில் வந்துவிடும் என்று இருக்காதீர்கள், மெயில் வெளியே போகும் வாசலான போர்ட் 25 அடைபட்ட சர்வரிலிருந்து அந்த மெயில் வெளியே போகவே போகாது.

பேனல் 8083 போர்ட்டில் திறக்கும், பிரவுசர் சான்றிதழைப் பார்த்துவிட்டு எச்சரிக்கும். ஹோஸ்ட்நேமை முதலிலேயே சரியாக வைத்திருந்தால் ஒரே ஒரு கட்டளையில் பேனலுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் இலவசச் சான்றிதழ் வந்துவிடும். கிளவுட்ஃப்ளேர் பயன்படுத்துபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும், ஆரஞ்சு மேகத்தைப் (வருபவர்களைக் கிளவுட்ஃப்ளேர் வழியாகத் திருப்பிவிடும் பொத்தான்) போட்டுவிட்டால் 8083 திறக்காது, ஏனென்றால் அது அவர்கள் கடத்தும் போர்ட் பட்டியலில் இல்லை. மேகத்தை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் பேனலை 2083-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றுவதற்குத் தனிக் கட்டளையே இருக்கிறது. கிளவுட்ஃப்ளேரின் எஸ்எஸ்எல் அமைப்பில் ஃப்ளெக்சிபிள் என்று விட்டுவிட்டால் தளம் தன்னைத்தானே சுற்றிச் சுற்றித் திருப்பிவிட்டுக்கொண்டே இருக்கும், ஃபுல் ஸ்ட்ரிக்ட் வைத்துவிடுங்கள்.

உள்ளே போனதும் அட்மின் கணக்கிலேயே தளங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள் பலர். செய்யாதீர்கள், பேனலே வேண்டாம் என்றுதான் சொல்லும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி யூசர் போடுங்கள். ஒருவர் தளத்தில் ஏதோ ப்ளக்இன் வழியாகக் கெட்டது நுழைந்தாலும் அது அந்த யூசரின் ஹோம் ஃபோல்டரோடு நிற்கும். டொமைன் சேர்ப்பது மிக எளிது. பெயரை அடித்துச் சேமித்து, எஸ்எஸ்எல் பெட்டியில் லெட்ஸ் என்கிரிப்டை டிக் செய்தால் ஒரு நிமிடத்துக்குள் பூட்டுச் சின்னம் வந்துவிடும், 90 நாள் சான்றிதழைத் தானே புதுப்பித்தும் கொள்ளும்.

வராமல் போகும் இடம் ஒன்று இருக்கிறது. ஹெஸ்டியா டொமைனோடு டபிள்யூ மூன்று போட்ட பெயரையும் தானாகவே சேர்த்து வைக்கும், உங்கள் டிஎன்எஸ்ஸில் அதற்கு ரெக்கார்டு இல்லையென்றால் இரண்டு பெயருக்குமே சான்றிதழ் கிடைக்காது. மெயிலுக்கும் இதே கதைதான், மெயில், வெப்மெயில் என்ற இரண்டு துணைப் பெயர்களுக்கும் ரெக்கார்டு இருக்க வேண்டும். பிழை வந்ததும் திரும்பத் திரும்ப பொத்தானை அழுத்துவது நம் கை வழக்கம். ஒரு மணி நேரத்தில் 5 தடவை தோற்றால் லெட்ஸ் என்கிரிப்ட் அந்தப் பெயருக்குக் கதவை அடைத்துவிடும், அப்புறம் ரெக்கார்டைச் சரிசெய்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். முதல் தோல்வியிலேயே நிறுத்திவிட்டு ஹெஸ்டியாவின் லாக் ஃபோல்டரில் எல்ஈ என்று தொடங்கும் கோப்பைத் திறந்து பாருங்கள், எந்தப் பெயரில் சிக்கல் என்பது அங்கே எழுதியிருக்கும்.

எனக்கு அதிக நேரம் எடுத்தது அந்தச் சிற்றிதழின் தளம். தமிழ்த் தளங்களை இடம் மாற்றும் எல்லோருக்கும் இது வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய சர்வரில் பிஎச்பிமைஅட்மின் வழியாக டேட்டாபேஸை எடுத்து, ஹெஸ்டியாவில் புதிய டேட்டாபேஸ் போட்டு உள்ளே ஏற்றினேன். தளம் திறந்தது, ஆனால் கட்டுரை முழுக்கத் தொப்பி வைத்த லத்தீன் எழுத்துகளும் ® குறிகளும்தான், ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஹெஸ்டியாவின் தவறு இதில் எதுவும் இல்லை. பழைய டேபிள்கள் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியீடு) என்று அறிவிக்கப்பட்டவை. தமிழின் ஒவ்வொரு குறியும் எல்லா மொழிக்குமான யுடிஎஃப்-8 குறியீட்டில் 3 பைட், பழைய நிரல் அந்தப் பைட்டுகளை அப்படியே உள்ளே தள்ளி அப்படியே வெளியே எடுத்துக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்காததால் பல வருடம் ஓடிவிட்டது. நான் எடுத்த பிரதியில் அந்த ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்து என்று நினைத்து மறுபடியும் யுடிஎஃப்-8 ஆக்கிவிட்டது.

சரிசெய்யும் வழி இதுதான். பழைய சர்வரில், டேட்டாபேஸைப் பிரதியெடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையை லத்தீன்1 என்றே சொல்லி, எழுத்து வகையைக் குறிக்கும் வரியைச் சேர்க்காமல் எடுக்க வேண்டும். அப்போது பைட்டுகள் மாறாமல் வரும், கோப்பைத் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரியும். பிறகு கோப்புக்குள் லத்தீன்1 என்று டேபிள் அறிவிப்பில் இருக்கும் இடங்களை எல்லாம் யுடிஎஃப்8எம்பி4 (டேட்டாபேஸில் முழு யுடிஎஃப்-8-க்கான பெயர்) என்று மாற்றி, அதே வகையைச் சொல்லி உள்ளே ஏற்ற வேண்டும். அன்று ராத்திரி முதல் இதழின் தலையங்கம் திரையில் சரியாக வந்ததைப் பார்த்தபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. ஒரு குறை மட்டும் மிச்சம். நீளமான சில தலைப்புகள் பாதியில் அறுந்து, கடைசியில் ஒரு கறுப்பு வைரக் குறியோடு நின்றன. பழைய டேபிளில் தலைப்புக்கு 255 இடம், அது லத்தீன் எழுத்துக்கு 255, தமிழுக்கு 85 குறிகள்தான். வெளியிட்ட அன்றைக்கே அறுந்து போயிருக்கிறது, அச்சுப் பிரதியைப் பார்த்துக் கையால் திருத்தினோம்.

அந்தத் தளம் பழைய பிஎச்பி 5.6-ல் எழுதியது, புதிய பதிப்பில் ஓடாது. இங்கேதான் ஹெஸ்டியா எனக்கு மிகவும் பிடித்துப்போனது. டொமைனைத் திருத்தும் பக்கத்தில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போனால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் வேறு பிஎச்பி பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் பிஎச்பி பொதிகளை வருடக்கணக்காகப் பராமரிக்கும் ஓண்ட்ரேய் சூரி என்பவரின் களஞ்சியத்திலிருந்துதான் இவை வருகின்றன, அவர் உழைப்பு இல்லையென்றால் எத்தனையோ பழைய தளங்கள் என்றைக்கோ மூடியிருக்கும். 5.6-க்கான ஆதரவு 2018 இறுதியோடு முடிந்துவிட்டது என்பதால் அதில் லாகின், கமென்ட் எல்லாவற்றையும் மூடிவிட்டு, படிக்க மட்டும் வைத்திருக்கிறேன்.

இனி மெயில். இதை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், ஹெஸ்டியாவில் மெயில் சர்வர் நன்றாகவே அமைகிறது, ஆனால் மெயில் போய்ச் சேருவது ஹெஸ்டியாவின் கையில் இல்லை. நிறைய கிளவுட் நிறுவனங்கள் வெளியே போகும் போர்ட் 25-ஐ அடைத்துத்தான் சர்வர் தருவார்கள். நான் முதலில் எடுத்த இடத்திலும் அப்படித்தான், டிக்கெட் போட்டு நான்கு நாள் பேசியும் திறக்கவில்லை, வேறு இடம் மாறினேன். திறந்திருந்தாலும் உங்கள் ஐபிக்கான பிடிஆர் ரெக்கார்டு (ஐபியைக் கொடுத்தால் பெயரைச் சொல்வது) ஹோஸ்ட்நேமைக் காட்ட வேண்டும், அதைப் பேனலில் போட முடியாது, ஐபி கொடுத்தவர்தான் போட்டுத் தர வேண்டும். மெயில் உண்மையில் நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் என்ன எழுத வேண்டும் என்பதை மெயில் டொமைன் பக்கத்திலேயே காட்டும், எடுத்து டிஎன்எஸ்ஸில் ஒட்டினால் போதும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இவற்றைக் கறாராகப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பள்ளியிலிருந்து போன கட்டண நினைவூட்டல்கள் சில பெற்றோர்களின் ஸ்பேமுக்குள் போய் விழுந்தன. புதிய ஐபிக்கு நல்ல பெயர் கிடைக்க நாளாகும், பக்கத்து ஐபிக்காரர் செய்யும் வேலைக்கும் நம் பெயர் கெடும். கடைசியில் எஸ்எம்டிபி ரிலே (நம் மெயிலைத் தன் சர்வர் வழியாக அனுப்பித் தரும் சேவை) ஒன்றை எடுத்து, ஹெஸ்டியாவில் அந்த டொமைனுக்கு மட்டும் அதைக் கொடுத்துவிட்டேன், டொமைன் வாரியாக ரிலே கொடுக்க இடம் இருக்கிறது. அப்புறம் புகார் வரவில்லை. மெயில் நின்றால் பிழைப்பே நின்றுவிடும் என்கிற நிறுவனம் என்றால் பேனலில் மெயிலை வைக்காதீர்கள், தனி மெயில் சேவைக்குக் காசு கொடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். பேனல் என்பது ரூட் அதிகாரத்தோடு இணையத்தைப் பார்த்துத் திறந்து வைத்த கதவு. 2024 அக்டோபரில் சைபர்பேனலில் ஒரு ஓட்டை வெளியாகி, இணையத்தில் தெரியும்படி இருந்த 22,000 அளவிலான சர்வர்கள் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும்) கும்பலின் குறிக்குள் வந்தன. அது இன்னொரு பேனல்தான், ஆனால் எந்தப் பேனலுக்கும் ஒருநாள் இப்படி வரலாம். அதனால் ஹெஸ்டியாவின் ஃபயர்வால் பக்கத்தில் 8083-க்கான விதியை எல்லோருக்கும் திறந்தபடி விடாதீர்கள். நம் வீட்டு இணைப்பில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஐபி கொடுத்துத் திறப்பது கஷ்டம்தான். நான் 8083-ஐ வெளியே முழுவதும் மூடிவிட்டு, தேவைப்படும்போது எஸ்எஸ்எச் டனல் வழியாக என் கணினியில் திறந்துகொள்கிறேன், எஸ்எஸ்எச்சும் கீ இல்லாமல் நுழைய முடியாது. வாடிக்கையாளர்கள் உள்ளே வர வேண்டும் என்றால் குறைந்தது இரட்டைச் சரிபார்ப்பையாவது போட்டுக் கொடுங்கள், யூசர் பக்கத்திலேயே இருக்கிறது.

ஒரு நல்ல வடிவமைப்பையும் சொல்ல வேண்டும். பேனல் ஓடுவதற்குத் தனியாக ஓர் என்ஜின்எக்ஸும் தனியாக ஒரு பிஎச்பியும் வைத்திருக்கிறார்கள். தளங்களுக்கான என்ஜின்எக்ஸ் அமைப்பில் நான் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு எல்லாத் தளமும் படுத்த நாளில்கூடப் பேனல் திறந்தது, உள்ளே போய் டொமைனை ரீபில்ட் செய்து எழுப்ப முடிந்தது. ஆனால் டெம்ப்ளேட்டுகளை மாற்றுபவர்கள் அவர்கள் கொடுத்த கோப்பிலேயே மாற்றக் கூடாது. அடுத்த அப்டேட்டில் அது மறைந்துவிடும், வேறு பெயரில் நகல் எடுத்து அதில் மாற்றுங்கள்.

பேக்கப் தினமும் இரவில் தானே எடுக்கும், யூசருக்கு ஒரு டார் கோப்பு, அதில் தளம், டேட்டாபேஸ், மெயில், கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகள்) எல்லாம் அடக்கம். ஆனால் அது அதே சர்வரின் டிஸ்கில்தான் உட்கார்ந்திருக்கும், டிஸ்க் போனால் பேக்கப்பும் போகும். வெளியே அனுப்ப எஸ்எஃப்டிபி, பேக்பிளேஸ், ஆர்குளோன் வழிகள் இருக்கின்றன, முதல் நாளே அமைத்துவிடுங்கள். பழைய பிரதிகள் எத்தனை இருக்க வேண்டும் என்பது பேக்கேஜ் அமைப்பில் இருக்கிறது, அதையும் பாருங்கள். மாதம் ஒருமுறை ஒரு யூசரின் டார் கோப்பை வேறொரு சோதனைச் சர்வருக்குக் கொண்டுபோய் ரீஸ்டோர் செய்து பார்க்கிறேன், ஒரே கட்டளைதான், இதுவரை ஒருதடவைகூடக் கைவிட்டதில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் ஹெஸ்டியாவை விட்டுப் போகவில்லை.

குறைகள் என்றால், ரீசெல்லர் என்ற அடுக்கு கிடையாது, உங்கள் வாடிக்கையாளர் தன் வாடிக்கையாளருக்குக் கணக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. அப்படித் தொழில் செய்பவர்களுக்குச் சிபேனல்தான் இன்னமும் சரி. மெயிலே வேண்டாம், தளம் மட்டும் வேகமாக ஓட வேண்டும் என்றால் கிளவுட்பேனலைப் பாருங்கள், அதில் மெயில் சர்வரே கிடையாது, அதனால் இலேசாக இருக்கும். எனக்கு மாதிரி பத்துப் பதினைந்து தளம், ஒரு சர்வர், ஒரே ஆள் என்றால் ஹெஸ்டியா பொருந்தும், தயங்காமல் போடலாம்.

என் சர்வர் இன்னும் உபுண்டு 22.04-ல் இருக்கிறது. ஓடுகிற சர்வரிலேயே இயங்குதளத்தை ஏற்றுவதற்குப் பதிலாக 24.04-ல் புதிதாக ஒன்று எடுத்து, யூசர் ஒவ்வொருவராக ரீஸ்டோர் செய்து நகர்த்தப் போகிறேன். சர்வர் எடுத்தாயிற்று, ஹோஸ்ட்நேமுக்கு ரெக்கார்டு போட்டாயிற்று, பிடிஆருக்கு டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். முதலில் சிற்றிதழ்தான் போகிறது.